காரில் வழிகாட்ட லேப்டாப்பா, தனிக் கருவியா?

#1 நெடுவழி

வணக்கம். வண்டி நாளுக்கு எட்டு மணி நேரம் ரோட்டுல ஓடும். பாதி தூரத்துக்கு மொபைல் சிக்னல் கிடையாது. 14 அங்குல லேப்டாப் ஒண்ணு சும்மா கிடக்குது: யூஎஸ்பி-சி சார்ஜிங், எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. அதுல ஒரு யூஎஸ்பி ஜிபிஎஸ் ரிசீவரைச் செருகி வழிகாட்டியா ஓட்டலாமா? இல்ல கார்மின், டாம்டாம் மாதிரி தனிக் கருவியே வாங்கிடணுமா? பெரிய திரை, கையில ஏற்கனவே இருக்கற பொருள், இது ரெண்டும்தான் லேப்டாப் பக்கம் இழுக்குது. போன வழி முழுக்க டிராக்கா பதிவாகணும், அது கட்டாயம். "போனையே மாட்டிக்கோ"ன்னு சொல்ல வர்றவங்களும் காரணத்தோட சொல்லுங்க.

#2 அச்சாணி

ஒரே கேள்வி. திரையை யார் பார்க்கப் போறாங்க? ஓட்டுறவரா, பக்கத்துல உட்கார்றவரா?

#3 நெடுவழி

ஓட்டுறவர்தான். பக்கத்து சீட்டுல ஆள் இருக்கறது வாரத்துல ஒரு நாள்.

#4 அச்சாணி

அப்ப ஓட்டுறவர் முன்னாடி லேப்டாப் வேண்டாம். காரணத்தைச் சொல்லிடறேன், அப்புறம் மத்தவங்க மின்சாரம், சாஃப்ட்வேர்னு வருவாங்க.

14 அங்குல லேப்டாப் ஒன்றரை கிலோ. தாங்கியோட சேர்த்தா மூணு கிலோவைத் தாண்டும். 50 கிமீ வேகம்னா நொடிக்கு 14 மீட்டர். மோதல்ல வண்டி பத்துல ஒரு நொடியில நின்னா, சராசரியாவே புவியீர்ப்பைப் போல 14 மடங்கு விசையோட வேகம் குறையும். ஒன்றரை கிலோ லேப்டாப் அந்த நேரத்துல 20 கிலோ எடையா தாங்கியை இழுக்கும்; உச்சத்துல அதைவிட இரட்டிப்பா இழுக்கும். உறிஞ்சு கப்பும் பிளாஸ்டிக் கிளிப்பும் இதுக்குத் தாங்காது. சரியா மாட்டணும்னா, பக்கத்து சீட்டைத் தரையோட பிடிக்கற முன் போல்ட்டுல கோர்க்கற இரும்புத் தாங்கி வேணும். அந்த போல்ட்டைக் கழட்டினா, வண்டி கையேட்டுல இருக்கற முறுக்குவிசை அளவுக்கு டார்க் ரெஞ்ச் வெச்சுத்தான் திருப்பி முடுக்கணும். அது சீட்டைப் பிடிக்கற போல்ட், அலமாரி ஸ்க்ரூ இல்ல.

அப்படி மாட்டினா திரை வந்து நிக்கற இடம் எங்க? பக்கத்து சீட்டு ஏர்பேக் விரியற பாதையில. ஏர்பேக் மணிக்கு 200 கிமீக்கு மேல வேகத்துல வெளிய வரும். நடுவுல லேப்டாப் இருந்தா அது எறிபொருள்தான்.

விசைப்பலகையும் சின்ன பட்டன்களும் மேசை முன்னாடி உட்கார்ந்து டைப் அடிக்கறதுக்கு வடிவமைச்சது. 80 கிமீ வேகத்துல ரெண்டு நொடி கண்ணை எடுத்தா வண்டி 44 மீட்டர் போயிருக்கும். ஓட்டுநர் கண்ணுக்குப் படற மாதிரி திரை வைக்கறதுக்கு ஒவ்வொரு நாட்டுலயும் சட்டம் வேற. உங்க ஊர் விதியைப் படிச்சுட்டு அப்புறம் தாங்கி வாங்குங்க.

#5 மின்பொறி

மின்சாரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். லேப்டாப் திட்டங்கள் பாதி இங்கேதான் கவிழ்கின்றன.

லைட்டர் சாக்கெட்டில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்கும், ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கலாம். லேப்டாப்புக்கு வேண்டியது 20 வோல்ட். அங்கே போய்ச் சேர இரண்டு வழி.

முதல் வழி இன்வெர்ட்டர். 12 வோல்ட்டை வீட்டு மின்சாரமாக ஏற்றி, லேப்டாப்பின் அடாப்டர் அதை மறுபடி 20 வோல்ட்டாக இறக்குவது. இரண்டு முறை மாற்றம், இரண்டு முறை இழப்பு. லேப்டாப் 60 வாட் கேட்டால் சாக்கெட்டிலிருந்து 80 வாட் வரை போகும், கிட்டத்தட்ட 6.5 ஆம்பியர். இன்வெர்ட்டரின் சின்ன விசிறி நாள் முழுக்கக் கத்தும். மலிவு இன்வெர்ட்டரிலிருந்து வருவது சதுரமான அலை. சில அடாப்டர்கள் அதில் ரீங்கரிக்கும், சூடாகும்.

இரண்டாவது வழி யூஎஸ்பி-சி பவர் டெலிவரி கார் சார்ஜர். ஒரே மாற்றம்தான், 90 சதவீதத்தை ஒட்டிய திறன். உங்கள் லேப்டாப்புக்கு இதுதான் பொருந்தும். வாங்கும்போது மேலே எழுதியிருக்கும் மொத்த வாட்டைப் பார்க்காதீர்கள், அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் வரியைப் பாருங்கள்: 20 வோல்ட், 3 ஆம்பியர் என்று ஒரே போர்ட்டுக்கு இருக்க வேண்டும். "65 வாட்" என்று பெரிதாகப் போட்டு, 45-ஐ ஒரு போர்ட்டுக்கும் 20-ஐ இன்னொன்றுக்கும் பிரித்து வைப்பது வழக்கம். போனுக்கான 18 வாட் சார்ஜரில் செருகினால் யானைப் பசிக்குச் சோளப்பொரி. சில லேப்டாப்கள் 9 வோல்ட்டை ஏற்கவே ஏற்காது, சில ஏற்றுக்கொண்டு மெல்ல மெல்ல பேட்டரியைத் தின்னும். 60 வாட்டுக்கு மேல் போக வேண்டுமென்றால் கேபிளும் 5 ஆம்பியர் கேபிளாக, உள்ளே அடையாளச் சிப் உள்ளதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜர் தானாகவே 3 ஆம்பியரில் நிறுத்திக்கொள்ளும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. சாக்கெட் தொடுமுனை. ஸ்பிரிங் வைத்த நடு ஊசி தளர்ந்தாலோ அழுக்கேறினாலோ அங்கே 0.2 ஓம் மின்தடை வந்துவிடும். 6 ஆம்பியர் ஓடினால் 7 வாட் வெப்பம் அந்த ஊசி முனையிலேயே. பிளாஸ்டிக் இளகுவதும் சாக்கெட் கருகுவதும் இப்படித்தான். 5 வாட், 7 வாட் தின்னும் தனிக் கருவிக்கு இந்தப் பிரச்சினை எழுவதே இல்லை: அரை ஆம்பியர்தான் ஓடும், அதே ஊசியில் வெப்பம் 0.05 வாட்.

எஞ்சினை நிறுத்திவிட்டு லேப்டாப்பை ஓடவிட்டால்? சார்ஜும் ஆகிக்கொண்டிருந்தால் 5.5 ஆம்பியர். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் எடுப்பது நல்லதல்ல. ஆக நான்கு மணி நேரம், பேட்டரி புதிதாக இருந்தால். பழைய பேட்டரியில் அதற்கு முன்பே ஸ்டார்ட்டர் முனகும்.

#6 நெடுவழி

இது தெளிவு. எங்க சாக்கெட்டுக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ். பவர் டெலிவரி சார்ஜர்னா தாங்கும்ல?

#7 மின்பொறி

தாங்கும். அதே சாக்கெட்டில் பிரிப்பான் போட்டு ஏர் பம்ப்பையும் மாட்டாதவரை. ஃபியூஸ் போகிறதே என்று 20 ஆம்பியர் ஃபியூஸ் போடுகிற வேலை மட்டும் வேண்டாம். ஃபியூஸ் காப்பது கம்பியைத்தான், கருவியை அல்ல.

#8 திசைமானி

ரிசீவர் பற்றி. லேப்டாப்புல "லொகேஷன்" ஆன்ல இருக்குன்னா ஜிபிஎஸ் இருக்குன்னு அர்த்தம் இல்ல. பெரும்பாலான லேப்டாப் வைஃபை பெயர்களை வெச்சுத்தான் இடத்தை ஊகிக்குது. சிக்னல் இல்லாத ரோட்டுல அது குருடு. தனி ரிசீவர் வேணும்.

யூஎஸ்பி ரிசீவர் விலையோ வேலையோ பெருசில்ல. விண்டோஸோட அது சண்டை போடற இடங்களைச் சொல்றேன்.

ரிசீவர் கணினிக்குப் பேசறது என்எம்இஏ 0183ங்கற எழுத்து வரிகள்ல. சீரியல் போர்ட் மாதிரி காட்டிக்கும். விண்டோஸ் ஒரு காம் போர்ட் எண் கொடுக்கும், இன்னிக்கு காம் 4. நாளைக்கு வேற துளையில செருகினா காம் 7. சாஃப்ட்வேர் இன்னும் 4-லயே காத்துட்டு இருக்கும், "செயற்கைக்கோள் இல்லை"ன்னு சொல்லும். தீர்வு: எப்பவும் ஒரே துளை. இல்லன்னா டிவைஸ் மேனேஜர்ல போர்ட்ஸ், அந்தப் போர்ட்டோட ப்ராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு போய் எண்ணைக் கையால மாத்திடுங்க.

ஒரு போர்ட்டை ஒரு நேரத்துல ஒரு சாஃப்ட்வேர்தான் திறக்க முடியும். வழிகாட்டி ஒண்ணு, டிராக் பதிவு ஒண்ணுன்னு ரெண்டும் ஓடணும்னா நடுவுல போர்ட்டைப் பிரிச்சுக் கொடுக்கற மென்பொருள் தேவை. லினக்ஸ்ல இந்த வேலையை ஜிபிஎஸ்டிங்கற நிரல் ஒழுங்கா செய்யும்: 2947-ஆம் போர்ட்டுல எத்தனை பேர் கேட்டாலும் கொடுக்கும்.

அடுத்தது ஒரு பழைய வேடிக்கை, இன்னும் சாகல. ரிசீவரைச் செருகி வெச்சே கணினியை ஆன் பண்ணினா, நொடிக்கொரு தடவை வர்ற தரவைப் பார்த்து விண்டோஸ் அதை சீரியல் மவுஸ்னு நினைச்சுக்கும். கர்சர் பேய் பிடிச்ச மாதிரி குதிக்கும், தானே கிளிக் பண்ணும். டிவைஸ் மேனேஜர்ல மவுஸ் பட்டியல்ல "மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயிண்ட்"னு ஒண்ணு புதுசா வந்திருக்கும். அதை அன்இன்ஸ்டால் பண்ணாதீங்க, மறுபடி முளைக்கும். டிசேபிள் பண்ணுங்க.

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரிசீவர் காணாமப் போகுதா? பவர் ஆப்ஷன்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்க. மூடியை மூடினா தூங்கற அமைப்பையும் மாத்துங்க.

வேகக் கணக்கும் பாருங்க. பழைய ரிசீவர் 4800 பாட், அதாவது நொடிக்கு 480 எழுத்து. ரிசீவர் அனுப்பற வரி வகைகள்ல ஜிஜிஏ, ஆர்எம்சி, ஜிஎஸ்ஏ தலா 70 எழுத்துக்குப் பக்கம், ஜிஎஸ்வி மூணு வரி. கூட்டினா 400-ஐத் தாண்டும். ஜிபிஎஸ்ஸோட ரஷ்யாவோட க்ளோனாஸ் செயற்கைக்கோள் வரிகளும் சேர்ந்தா குழாய் நிரம்பி வழியும். திரையில அம்புக்குறி வண்டிக்குப் பின்னாலயே வரும், திருப்பம் தாண்டினப்புறம் "இடப்பக்கம் திரும்பவும்"னு சொல்லும். 38400-க்கு ஏத்துங்க, தேவையில்லாத வரிகளை அணைங்க. நொடிக்குப் பத்து தடவை தரவு வேணும்னு ஆசைப்படறவங்களுக்கும் இதே பதில், 115200 வெச்சுக்கோங்க. காருக்கு நொடிக்கு ஒண்ணே போதும். 72 கிமீ வேகத்துல அது 20 மீட்டருக்கு ஒரு புள்ளி.

#9 கருவிப்பெட்டி

புரொலிஃபிக் சிப் போட்ட மலிவு ரிசீவர்களில் ஒரு சிக்கல்: சிப் போலி என்றால் புதிய இயக்கி (டிரைவர் மென்பொருள்) "குறியீடு 10" என்று சொல்லி நின்றுவிடும். யூபிளாக்ஸ் சிப்பை நேரடியாக யூஎஸ்பியில் விட்டிருக்கும் ரிசீவர் வாங்கினால் விண்டோஸ் 10, 11 தன்னிடமிருக்கும் இயக்கியாலேயே எடுத்துக்கொள்ளும்.

#10 களவரைஞர்

எல்லாரும் லேப்டாப்பை ஓரங்கட்டுகிறீர்கள். எதிர்க்கட்சியாக ஒரு குரல் இருக்கட்டும்.

தனிக் கருவியின் ஐந்து, ஏழு அங்குலத் திரையில் தெரிவது அடுத்த திருப்பம் மட்டும். சாலை மூடியிருக்கிறது, ஆற்றைக் கடக்க அடுத்த பாலம் எங்கே, இந்த மண்பாதை எங்கே போய் முட்டுகிறது என்று கேட்டால் அது திணறும். வரைபடத்தைச் சுருக்கினால் சின்னச் சாலைகளை மறைத்துவிடும். லேப்டாப்பில் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைத் திறந்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத் தரவு, செயற்கைக்கோள் படம், உயரக் கோடுகள், உங்கள் சொந்தக் குறிப்புகள் என்று அடுக்கடுக்காகப் போட்டு, ஜிபிஎஸ் பலகத்தை இணைத்தால் வண்டி அதன் மேல் நகரும். டிராக் நேராக அடுக்கிலேயே பதிவாகும். இதைச் செய்யும் கார் கருவி கிடையாது. நில அளவை, காட்டுப் பாதை, கம்பி வழித்தடம் பார்க்கிற வேலைகளுக்கு லேப்டாப்தான், பக்கத்து சீட்டில் ஆளோடு.

திரை வெளிச்சம் என்று சொல்வார்கள், நியாயம்தான். சாதாரண லேப்டாப் 250 முதல் 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு), வெயிலில் வெறும் கண்ணாடி. களத்துக்கென்றே செய்த முரட்டு லேப்டாப்களில் 1000 நிட்ஸ் கிடைக்கும். நெடுவழி கையில் இருப்பது அதுவல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

#11 அச்சாணி

களவரைஞர் சொல்றதுல ஒரு சொல்லும் மாத்தறதுக்கில்ல. "பக்கத்து சீட்டில் ஆளோடு"ங்கற மூணு சொல்தான் முழுப் பதிலும்.

#12 வரைபடப்பித்தன்

லேப்டாப்ல ஓட்ட சாஃப்ட்வேர் எங்கேங்க இருக்கு? அதை யாரும் இன்னும் கேக்கல.

மைக்ரோசாஃப்ட் ஸ்ட்ரீட்ஸ் அண்ட் ட்ரிப்ஸ், மேப்பாயிண்ட் ரெண்டையும் 2014-லயே நிறுத்திட்டாங்க. டெலார்ம் நிறுவனத்தை 2016-ல கார்மின் வாங்கிடுச்சு, அதோட ஸ்ட்ரீட் அட்லஸும் போச்சு. கூகுள் மேப்ஸை கணினி பிரவுசர்ல திறந்தா வழி போட்டுக் காட்டும். கூடவே வந்து "200 மீட்டரில் திரும்பவும்"னு பேசாது. தவிர சீரியல் போர்ட்டுல வர்ற என்எம்இஏ வரியை பிரவுசர் கண்டுக்காது. விண்டோஸோட லொகேஷன் சேவைக்கு அது தெரியணும்னா சென்சார் இயக்கி ஒண்ணு நடுவுல வேணும், சும்மா காம் போர்ட் இருந்தா போதாது.

மிச்சம் இருக்கறது லினக்ஸ்ல நேவிட்ங்கற வழிகாட்டி மென்பொருள். ஓடும், பேசும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுத்துக்கும். ஆனா எக்ஸ்எம்எல் கோப்பைக் கையால திருத்தி அமைக்கப் பொறுமை இருக்கறவங்களுக்கு மட்டும். விண்டோஸ்ல ஆண்ட்ராய்டு எமுலேட்டர் போட்டு அதுக்குள்ள போன் செயலியை ஓட்டி, அதுக்கு ஜிபிஎஸ் ஊட்டறதுன்னு ஒரு வித்தை சுத்திட்டிருக்கு. மூக்கைச் சுத்தி தொடறது அது. அந்தச் செயலி சொந்தமா ஓடற பழைய ஆண்ட்ராய்டு போனே போதுமே.

லேப்டாப்ல கார் வழிகாட்டிங்கறது 2000-க்கும் 2010-க்கும் நடுவுல அர்த்தமுள்ள கேள்வி. 2000 மே மாசம் ஜிபிஎஸ்ல வேணும்னே கலந்துட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு எடுத்துவிட்ட பிறகு, ரிசீவர் 10 மீட்டருக்குள்ள காட்ட ஆரம்பிச்சுது. தனிக் கருவி அப்ப விலை எக்கச்சக்கம், கையில லேப்டாப் இருந்துது. இன்னிக்கு அந்தக் கணக்கு செல்லாது.

#13 நெடுவழி

சாஃப்ட்வேர் விஷயத்தை யோசிக்கவே இல்ல. அப்ப தனிக் கருவியா, போனா? வெயில்ல நிக்கற வண்டி இது.

#14 கருவிப்பெட்டி

வெயிலில் நிற்கிற வண்டி என்றால் வெப்பம்தான் முதல் தேர்வாளர். மூடிய காரின் உள்ளே காற்று 60 டிகிரியைத் தொடும், டாஷ்போர்டின் மேற்பரப்பு 80-ஐத் தாண்டும். பெரும்பாலான லேப்டாப், போன் தயாரிப்பாளர்கள் இயக்க வெப்பநிலையை 35 டிகிரி வரைதான் உறுதி சொல்கிறார்கள். போன் கண்ணாடியில் ஒட்டி, சார்ஜ் ஏறிக்கொண்டு, முழு வெளிச்சத்தில், வழிகாட்டி ஓடும்போது மூன்று வெப்பங்கள் சேர்கின்றன. முதலில் சார்ஜை நிறுத்தும், பிறகு திரையை மங்கவைக்கும், கடைசியில் "ஆறவிடவும்" என்று கறுப்பாகும். ஏசி காற்று வரும் துளையின் முன்னே மாட்டினால் இது பெரும்பாலும் தீரும். ஆனால் குளிர்காலத்தில் அதே துளையில் ஹீட்டர் வரும் என்பதை மறந்துவிடுவார்கள்.

தனிக் கருவிகளில் பலவற்றுக்கு 55 டிகிரி வரை இயங்க அனுமதி, சார்ஜ் ஏற 45 வரை. அவையும் நெருப்புக்கோழி அல்ல. நிறுத்தும்போது கழற்றி இருக்கைக்கு அடியில் வையுங்கள். உள்ளே இருப்பது அரை மணி, ஒரு மணி தாங்கும் சின்ன லித்தியம் பேட்டரி. வெயிலில் கிடந்தால் முதலில் சாவது அதுதான். பேட்டரி செத்த கருவி சாக்கெட்டில் இருக்கும்வரை ஓடும், ஸ்டார்ட் செய்யும்போது மின்சாரம் ஒரு நொடி போனதும் அணைந்து முதலிலிருந்து எழும். "ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் ஆகிறது" என்ற புகாருக்குக் கருவியின் சாஃப்ட்வேரைத் தோண்டுவதற்கு முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

கேபிள் விஷயம். மினி யூஎஸ்பி துளை உள்ள கார்மின் கருவிகளோடு வரும் கார் கேபிளின் முனையில் அடையாள ஊசிக்கும் தரைக்கும் நடுவே ஒரு மின்தடை இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் "நான் காரில் இருக்கிறேன்" என்று கருவி புரிந்துகொள்கிறது. சாதாரண கேபிளை கார் சார்ஜரில் செருகினால் கணினி படம் போட்டு உட்கார்ந்துவிடும், வழி காட்டாது. கருவி பழுது என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு, பழுது கேபிளில்.

டேப்லெட் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சிப்பே இல்லை, சிம் போடும் மாதிரியில்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் மாதிரிக்கு மாதிரி வேறுபடும்.

#15 திசைமானி

பழைய தனிக் கருவியை செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜிபிஎஸ் வார எண் 10 பிட். 1024 வாரத்துக்கு ஒரு தடவை பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்ட்ல ஒரு தடவை, 2019 ஏப்ரல் 6 நள்ளிரவுல ஒரு தடவை ஆச்சு. அடுத்தது 2038 நவம்பர். ஃபர்ம்வேர் புதுப்பிக்காத கருவி தேதியை 1024 வாரம் பின்னாடி காட்டும், கிட்டத்தட்ட 20 வருஷம். இடம் சரியா வரும், டிராக் கோப்புல தேதி தப்பா இருக்கும். சிலது தேதி குழப்பத்துல செயற்கைக்கோளைத் தப்பான இடத்துல தேடி ரொம்ப நேரம் எடுக்கும். நெடுவழிக்கு டிராக் முக்கியம்கறதால, வாங்கறதுக்கு முன்னாடி வெட்டவெளியில வெச்சு, இன்னிக்குத் தேதி காட்டுதான்னு பாருங்க.

முதல் தடவை ஆன் பண்ணினதும் இடம் வரலன்னு பதறாதீங்க. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒரு தடவை சொல்லுது. நடுவுல ஒரு மரம், ஒரு லாரி மறைச்சா அடுத்த சுத்துக்குக் காத்திருக்கணும். எல்லா செயற்கைக்கோளோட தோராயப் பட்டியல் முழுசா இறங்க பன்னிரண்டரை நிமிஷம். போன்ல இது நெட் வழியா ஒரு நொடியில வந்துடும். சிக்னல் இல்லாத இடத்துல போனும் இதே காத்திருப்புதான். வண்டியை நகர்த்தாம நின்னு முதல் இடத்தைப் பிடிச்சுட்டுக் கிளம்புங்க.

#16 தாமரைஇலை

முன் கண்ணாடியில் வெப்பம் தடுக்கும் உலோகப் பூச்சு இருந்தால்?

#17 திசைமானி

நல்ல கேள்வி. அந்தப் பூச்சு சிக்னலையும் தடுக்கும். தரைக்கு வரும்போது சிக்னல் மைனஸ் 130 டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு), அவ்வளவு மெலிசு. உள்நோக்குக் கண்ணாடிக்குப் பின்னாடி புள்ளிப் புள்ளியா கறுப்பா இருக்கற பகுதியில பல வண்டிகள்ல பூச்சு விட்டிருப்பாங்க, டோல் அட்டைக்காக. அங்க மாட்டிப் பாருங்க. கருவியோட செயற்கைக்கோள் திரையில ஒவ்வொண்ணோட பலம் எண்ணா தெரியும்: வெட்டவெளியில 40-க்கு மேல வரணும், 30-க்குக் கீழன்னா ஏதோ மறைக்குது.

இதே சோதனை லேப்டாப் வைக்கறவங்களுக்கும் வேணும். குட்டை யூஎஸ்பி ரிசீவரை லேப்டாப் விலாவுலயே செருகினா எண் விழும், உள்ள ஓடற மின்சுற்றுகளோட இரைச்சல். ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி 2 நீட்டிப்பு கேபிள் போட்டு டாஷ்போர்டுக்குக் கொண்டு போனா ஏறும்.

#18 நெடுவழி

முடிவு கிட்ட வந்துட்டேன். ஓட்டுறவருக்கு 7 அங்குல தனிக் கருவி. லேப்டாப்பைப் பையில வெச்சுக்கிட்டு, முந்தின நாள் இரவு வழி போட்டு கருவிக்கு ஏத்தறது. டிராக்கைக் கருவியிலேருந்து லேப்டாப்புக்கு எடுக்கறது. இதுல எங்க உதைக்கும்?

#19 வரைபடப்பித்தன்

உதைக்கற இடம் ஒண்ணே ஒண்ணு, ஆனா பலமா உதைக்கும். வழிகளைச் சேமிக்கற ஜிபிஎக்ஸ் கோப்புல "ரூட்" வேற, "டிராக்" வேற.

ரூட்ல இருக்கறது சில புள்ளிகள் மட்டும்: இங்க கிளம்பு, அங்க தொடு, அங்க முடி. நடுவுல எந்த ரோடுன்னு கருவி தன் வரைபடத்தை வெச்சுத் தானே கணக்குப் போடும். லேப்டாப்ல ஒரு வரைபடம், கருவியில வேற பதிப்புன்னா வழி மாறிடும். கருவியில "சுங்கம் தவிர்", "மண்பாதை தவிர்" அமைப்பு லேப்டாப்ல போட்டதோட ஒத்துப்போகலன்னாலும் மாறும். டிராக்குல நூத்துக்கணக்கா புள்ளி இருக்கும், கோடு மாறாது. ஆனா பல கருவிகள் டிராக்கை வெறும் கோடாத்தான் காட்டும், பேசாது.

நடுவழி: ரூட் போடுங்க, வழி பிரியற ஒவ்வொரு சந்திப்பையும் தாண்டி கொஞ்ச தூரத்துல ஒரு புள்ளி வைங்க. சந்திப்பு மேலேயே வைக்காதீங்க. பத்து மீட்டர் தள்ளி எதிர்த் தடத்துல விழுந்தா, கருவி உங்களை அங்க போய்த் திரும்பி வரச் சொல்லும். கட்டாயம் நிக்கற இடத்தை மட்டும் வழிநிறுத்தமா வைங்க, மத்ததை வடிவப் புள்ளியா (நிக்காம கடந்துபோற புள்ளியா) மாத்துங்க. இல்லன்னா தவறவிட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் "திரும்பிப் போ, திரும்பிப் போ"ன்னு அனத்தும்.

டிராக் எடுக்கறது சுலபம். பல கார்மின் கார் கருவிகள்ல பயண வரலாறு ஆன்ல இருந்தா ஜிபிஎக்ஸ் கோப்புறைக்குள்ள பதிவாகும். அது அணைஞ்சிருந்தா ஒண்ணும் இருக்காது, முதல் நாளே பாருங்க. நொடிக்கு ஒரு புள்ளின்னு வெச்சாலும் எட்டு மணி நேரத்துக்கு 28,800 புள்ளி, கோப்பு நாலு எம்பிக்குள்ள. இடம் ஒரு பிரச்சினையே இல்ல. பழைய பதிவை அது தானே அழிக்க ஆரம்பிக்கும், அதனால வாரம் ஒரு தடவை எடுத்துடுங்க.

இடம் பத்தாம போறது வரைபடத்துக்கு. புதுப்பிக்கும்போது "இடமில்லை"ன்னா மைக்ரோ எஸ்டி அட்டை போடுங்க. எஃப்ஏடி32 வடிவத்துல ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை எம்கேஜிமேப்ங்கற மென்பொருள் வெச்சு கார்மின் வரைபடமா சொந்தமா ஆக்கறவங்க பெரிய பரப்பை ஒரே கோப்பாக்கினா அங்க முட்டும், ரெண்டா வெட்டுங்க. "வாழ்நாள் இலவச வரைபடம்"னு பெட்டியில இருந்தா அது கருவியோட வாழ்நாள், உங்களோடது இல்ல. அதுக்கு ஆதரவை நிறுத்தற நாள் வரைக்கும்தான்.

#20 களவரைஞர்

வாரத்தில் ஒரு நாள் ஆள் இருக்கிறார் அல்லவா, அன்றைக்கு லேப்டாப்பை அவர் மடியில் கொடுங்கள். தாங்கி வேண்டாம், பயன்படுத்தாதபோது மூடி இருக்கைக்குப் பின் பையில். ரிசீவர் கேபிளோடு டாஷ்போர்டில். அந்த ஒரு நாளுக்கு க்யூஜிஐஎஸ், மற்ற நாள் கருவி. மடியில் இருக்கும்போது அடிப்பக்கக் காற்றுத் துளை மூடாமல் ஒரு பலகை வையுங்கள்.

#21 நெடுவழி

ஆமா, அதுதான் சரி. பட்டியல்: 7 அங்குலக் கருவி, அதோட சொந்த கார் கேபிள், மைக்ரோ எஸ்டி. லேப்டாப்புக்கு 20 வோல்ட் 3 ஆம்பியர் ஒரே போர்ட்டுல தர்ற சார்ஜர், யூபிளாக்ஸ் ரிசீவர், ஒன்றரை மீட்டர் கேபிள். லேப்டாப் சத்தத்தைக் கார் ஸ்பீக்கருக்கு ஆக்ஸ் கேபிள்ல விடலாம்னு இருக்கேன், அன்னிக்கு மட்டும்.

#22 மின்பொறி

ஆக்ஸ் கேபிள் வேண்டாம். லேப்டாப் காரின் சாக்கெட்டிலிருந்தே சார்ஜ் ஆகும்போது ஆடியோ கேபிளும் சேர்ந்தால் தரை இணைப்பு வளையமாகிவிடும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு "ஙீ..." ஸ்பீக்கரில் கேட்கும். புளூடூத்தில் விடுங்கள், அல்லது நடுவில் தரைப்பிரிப்பு டிரான்ஸ்பார்மர் போடுங்கள். சார்ஜரைக் கழற்றினால் சத்தம் நிற்கிறதா என்று பார்த்தாலே காரணம் உறுதியாகிவிடும்.

#23 நெடுவழி

புளூடூத்தே. மைக்ரோ எஸ்டி 32 ஜிபி போதுமா?

#24 வரைபடப்பித்தன்

போதும். 64 வாங்கினா எக்ஸ்ஃபேட்ங்கற வேற வடிவத்துல வரும், பழைய மாதிரி கருவிகள் சிலது அதைப் படிக்காது.